விசா இல்லாத யட்சி

குலசேகரம்,
மாசி 5

மக்ளே,

அம்மையிடம் ரகசியம் தங்காது என்று தெரிந்தும் அவளிடம் போய் "அப்பாட்ட சொல்லாண்டாம்" என்று சொல்லியிருக்கிறாய். நாலு நாள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் நாள் மண்டைக்காட்டுக்குப் போய் மண்டையப்பம் வழிபாடு கழித்து, ஒரு கறுப்புக் கயிறும் வாங்கிக்கொண்டு வந்தாள். ராத்திரி கஞ்சி விளம்பும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நைட் டூட்டி முடித்து வந்து மத்தியானம் படுத்தாயாம். கண் திறந்துதான் இருந்ததாம். அடுத்த கட்டிலில் உன் கூட்டுகாரி போனில் பேசுவதுகூடக் கேட்டதாம். தலைவிரித்த ஒரு பெண் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாளாம். விரலை அனக்க முடியவில்லை, கத்தினால் சத்தம் வரவில்லை. இந்த மாதத்தில் மூன்றாம் தடவை.

இப்போது ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்ந்து நிற்கிறது. பால் வெட்டு இல்லை. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் உண்டு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். என் கையெழுத்து விளங்காவிட்டால் அவனிடம் கேள்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் வந்திருக்கிறது. உன் அம்மைக்கே நேற்றுதான் தெரியும்.

1983. நான் மார்த்தாண்டத்தில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருஷம். விடிய இரண்டு மணிக்கு எழும்பி, தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, திற்பரப்புப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருநூற்றைம்பது மரத்தில் பால் வெட்டுவேன். வெயில் ஏறினால் மரம் இலை வழியே தண்ணீரை விடத் தொடங்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் பைய நின்றுபோகும். அதனால்தான் இருட்டோடு வெட்டுவது. வெட்டி முடித்து நான் பஸ் ஏறினால், பால் எடுக்க உன் பாட்டி போவாள். ராத்திரி பாடம் படித்துப் படுக்கப் பத்தரை ஆகும். கணக்குப் போட்டுக்கொள், மூன்றரை மணிநேர உறக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். முழிப்பு வந்தது. மேலே கழுக்கோல் தெரிகிறது. ஆணியில் தொங்குகிற டார்ச் தெரிகிறது. முற்றத்தில் பாட்டி மரச்சீனி கொத்துகிற சத்தம் கேட்கிறது. எழும்பப் பார்த்தால் உடம்பு இல்லை. இருக்கிறது, ஆனால் என்னுடையதாக இல்லை. அப்போது கால்மாட்டில் ஈரக் கம்பளி போர்த்திய ஓர் உருவம். ரப்பர் ஷீட்டு உறைய ஊற்றுகிற ஆசிட் மணம் அடித்தது, அதை மறக்கவே மாட்டேன். அது முட்டுக்குத்தி என் நெஞ்சில் ஏறியது. அந்நேரம் பாட்டி முறத்தோடு என்னைக் கடந்து உள்ளே போகிறாள். "அம்மா" என்று கத்துகிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது அவள் சேலை முனை என் காலில் பட்டது, எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. "ஏம்லே கண்ணத் தொறந்து வச்சிட்டுக் கெடக்க?" என்றாள்.

சொன்னதும் பாட்டிக்கு முடிவு ஆகிவிட்டது. அமுக்குவான் பேய். தோட்டத்தில் ஏழிலைப்பாலை நிற்கிறதே, அதிலிருந்து யட்சி கூட வந்திருக்கிறாள் என்றாள். தலைமாட்டில் வெட்டுக்கத்தி, கால்மாட்டில் தொறப்பை. ஒரு மந்திரவாதி வந்து சேவல் ஒன்றும் அறுபது ரூபாயும் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அறுபது ரூபாய் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. பதினோராம் நாள் கம்பளிக்காரன் மறுபடி வந்தான், கத்தியும் தொறப்பையும் கிடக்கக் கிடக்கவே.

வகுப்பில் உறங்கி விழுந்ததற்காக ஒரு பேராசிரியர் என்னைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்றுதான் கேட்டார். நான் பேயைப் பற்றியும் உளறிவிட்டேன். சிரிக்கவில்லை அந்த மனிதர். "வந்த நாளெல்லாம் குறிச்சுப் பாரு. நல்லா உறங்குன நாள்ல ஒரு தடவையாவது வந்துதா?" என்றார். வரவில்லை.

அவர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். நீ நர்ஸு, பரீட்சைக்கு இதெல்லாம் படித்திருப்பாய். ஆனால் படித்தது ஒன்று, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருவது வேறொன்று.

உறக்கத்தில் ஒரு கட்டம் உண்டு, கண்விழி மூடிய இமைக்குள் ஓடுகிற கட்டம். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள். பெரிய கனவெல்லாம் பெரும்பாலும் அதில்தான். அந்நேரம் மூளைத்தண்டு கை கால் தசைகளுக்குப் போகிற கட்டளையை அறுத்துவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலை விட்டு எழும்பி நிஜமாகவே ஓடுவான். கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் முதலில் பியூஸைப் பிடுங்குகிறான் அல்லவா, அது மாதிரி. சில நாள் அவன் பியூஸைத் திருப்பி மாட்டுவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரன் முழித்துவிடுகிறான். சுவிட்சைப் போடுகிறான், எதுவும் எரியவில்லை. நமக்கு நடந்தது இவ்வளவுதான், டாக்டர்மார் ஸ்லீப் பாராலிசிஸ் என்பது இதைத்தான். கனவு முழுதாக அணையவில்லை, கண் மட்டும் திறந்துவிட்டது. பாதிக் கனவு பாதி அறை.

நெஞ்சில் பாரம் ஏன்? மூச்சுக்கு முக்கியமான உதரவிதானம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அதனால் மூச்சு நிற்காது. விலா எலும்புக்கு நடுவே உள்ள தசைகள் தளர்ந்திருக்கும். பயத்தில் ஆழமாக மூச்சு இழுக்கப் பார்ப்போம், முடியாது. யாரோ அமுக்குகிறார்கள் என்று மனசு எழுதிக்கொள்ளும். பயத்தைக் கிளப்புகிற பகுதி அப்போது முழு வேகத்தில் இருப்பதால், 'யாரோ' என்ற இடத்துக்கு ஆள் தேடும். எனக்குக் கம்பளிக்காரன் கிடைத்தான். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்காரனுக்குச் சூனியக்காரக் கிழவி. ஜப்பானில் இதற்கு கனஷிபாரி என்று பெயர், உலோகத்தால் கட்டிப்போட்டது மாதிரி என்று. 1781-இல் ஃபியூஸ்லி என்ற ஓவியர் வரைந்த படத்தை நம்ம தம்பி போனில் காட்டினான். மல்லாந்து கிடக்கிற பெண்ணின் நெஞ்சுமேல் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கிறது. பாட்டி பார்த்திருந்தால் "நான் சொன்னேன்லா" என்றிருப்பாள்.

உனக்குத் தலைவிரித்தவள் வந்தாள், முப்பந்தல் இசக்கி கதை கேட்டு வளர்ந்தவள் அல்லவா. ஆனால் மக்ளே, கோதையாற்றங்கரைப் பாலைமரத்தை விட்டு அவள் மஸ்கட்டுக்கு எந்த விசாவில் வந்தாள்? யோசித்துப் பார்.

தம்பி இன்னொன்றும் வாசித்துச் சொன்னான். 2011-இல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது இது வந்தவர்கள் பொதுவாக நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பக்கம், மாணவர்களில் 28 பேர். மாணவர்களுக்கு ஏன் கூடுதல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி, எழுதக் கை கூசுகிற விஷயம். நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது விடிய நாலு மணிக்கு எழுப்பிவிடுவோம். ஒருநாள் அழுதுகொண்டே வந்து "காலு அனங்கல்லப்பா, கதவுப் பக்கம் ஆளு நிக்குது" என்றாய். "படிக்க மடி, வேற ஒண்ணுமில்ல. நான் ரெண்டு மணிக்கு எழும்பிப் போறேன், உனக்கு நாலு மணிக்கு எழும்ப மடியா?" என்றேன். வாசலில் பக்கத்து வீட்டு அக்காளும் நின்றாள். அதன்பிறகு நீ இதைப்பற்றி என்னிடம் வாய் திறக்கவே இல்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும் மக்ளே. ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பெண்பிள்ளைக்குப் பேய் என்று நாலுபேர் பேசுவார்களே என்று அதைச் சோம்பல் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கு அந்தப் பேராசிரியர் செய்ததை உனக்கு நான் செய்யவில்லை.

வந்துவிட்டால் மல்லுக்கட்டாதே. உடம்பு முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கப் பார்த்தால் பயம்தான் கூடும். கால் பெருவிரலை மட்டும் அனக்கப் பார். கண்ணை அங்கும் இங்கும் உருட்டு, கண்ணுக்கு அந்தக் கட்டு கிடையாது. சில நொடி, கூடிப்போனால் சில நிமிஷம், தானே அவிழும். மல்லாந்து படுத்தால்தான் அதிகம் வரும், சரிந்து படு. கூட்டுகாரியிடம் சொல்லிவை, உன் கண் திறந்து மூச்சு வேகமாகக் கேட்டால் தோளைத் தொடட்டும். எனக்குச் சேலை முனை போதுமாக இருந்தது. பகலில் வேலைக்கு நடுவே அடக்க முடியாமல் உறக்கம் தள்ளினாலோ, சிரிக்கும்போது முட்டு மடங்கினாலோ அது வேறு சீக்கு, நார்கோலெப்சி. உடனே டாக்டரைப் பார்.

அம்மை வாங்கிய கயிற்றைக் கட்டினால் கட்டு. அதோடு எனக்குச் சண்டை இல்லை. அவளுக்கு உறக்கம் வரும்.

ஆனால் காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். அம்மையிடம் உன் டூட்டியைக் கேட்டு காலண்டரில் குறித்தேன். நாலு நைட், ஒருநாள் இடைவெளி, இரண்டு பகல், மறுபடி நைட். நடுவில் ஓவர்டைம். உறக்கத்துக்கு நேரமே தெரியாதபடி அடித்துவிட்டிருக்கிறாய். நான் இருநூற்றைம்பது மரத்துக்காகச் செய்தேன். நீ மாடி வார்ப்புக்காகச் செய்கிறாய். நாங்கள் கேட்டதால்.

டூட்டியை ஒரே மாதிரி போட்டுத் தரச் சொல்லி மேலே கேள். கொடுக்காவிட்டாலும் ஓவர்டைமை விடு. கம்பிக்கு அனுப்பிய பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. காலையில் போய்க் கொத்தனாரைப் பார்த்தேன், சித்திரைக்கு வர வேண்டாம், நான் சொல்லும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டானாம். போகட்டும்.

அப்பா