அந்தக் கிற்றாருக்கு ஒரு அப்பாவும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில், றொக் இசைக்கலைஞர்களின் பெயர் போட்டுக் கம்பனிகள் விற்கும் கிற்றார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைத்ததே சந்தோஷம். ஆனால் குயீன் என்ற பிரிட்டிஷ் றொக் குழுவின் கிற்றார்க் கலைஞர் பிரையன் மே பற்றிய பகுதி தலைகீழாகிவிட்டது. அவருடைய கிற்றாரை 1980களில் கில்ட் என்ற அமெரிக்கக் கம்பனி வடிவமைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கில்ட் செய்தது நகல். அசல் அதற்கு இருபது வருடம் முன்பே, லண்டனின் மேற்கு ஓரத்தில் பெல்தம் என்ற இடத்தில், ஒரு சாதாரண வீட்டு அறையில் உருவானது. செய்தவர்கள் 16 வயதுப் பையன் பிரையனும் அவன் அப்பாவும்.

1963 ஆகஸ்டில் தொடங்கினார்கள், முடிக்க இரண்டு வருடமளவில் பிடித்தது. பெண்டர் போன்ற பெரிய கம்பனிக் கிற்றார் வாங்க வீட்டில் காசில்லை. அப்பா ஹரோல்ட் மே இலத்திரனியல் தெரிந்தவர், கைவேலையும் தெரிந்தவர். கிற்றாரின் கழுத்து, யாரோ கழற்றிப் போட்ட கணப்பு அடுப்பின் மகோகனிச் சட்டம். அதில் உளு அரித்த ஓட்டைகளை நெருப்புக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடம்புக்குப் பழைய மேசையின் ஓக் மரம். விரற்பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் பொட்டுகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள்.

இதெல்லாம் பலரும் சொல்லும் கதைதான். என்னைப் பிடித்து வைத்திருப்பது ட்ரெமலோ. கையால் ஒரு கம்பியை அமுக்கினால் எல்லாத் தந்திகளும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரவேண்டும். அந்தப் ‘பழைய இடம்’தான் பிரச்சினை. எங்கேயாவது உராய்வு இருந்தால் தந்தி முழுசாகத் திரும்பாது, சுருதி பிசகிவிடும். அப்பாவும் மகனும் உராய்வு வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார்கள். தந்திகளைப் பிடிக்கும் தகட்டை, தராசு ஆடுவதுபோல் ஒரு கத்தி முனையில் நிறுத்தினார்கள். தந்திகளின் இழுப்பை எதிர்த்து நிற்க மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் இரண்டு. உடம்பில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தி உரசாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன உருளை. தலைப்பக்கத்தில் தந்திகள் வளையாமல் நேராகவே முறுக்காணிக்குப் போகும். அமுக்கும் கம்பி, சைக்கிள் பை தாங்கியில் இருந்து வந்தது, அதன் நுனி அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. பாவம், அம்மாவின் பெட்டியில் என்ன மிஞ்சியதோ!

எல்லாமே முதல் தரத்தில் சரிவரவில்லை. முதலில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் வீட்டிலேயே செய்தார்கள். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது அது கரகரத்தது. பிறகு பேர்ன்ஸ் கம்பனியின் பிக்கப் மூன்று வாங்கி, உள்ளே அரல்டைட் பசை ஊற்றி இறுக்கிப் போட்டார்கள்.

இவ்வளவு விபரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1974இல் கொட்டாஞ்சேனையில் நானும் என் அப்பாவும் இதே முயற்சியில் இறங்கித் தோற்றவர்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், கிற்றார் தந்தியே கிடைக்காது. தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி உடம்பு செய்தோம், உடைந்த கட்டிலின் தேக்குச் சட்டம் கழுத்தானது. சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்துத் தந்தி எடுத்தோம். ஒரு சனிக்கிழமை அப்பா பஞ்சிகாவத்தைக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடி, ஸ்பிரிங் ஒன்று வாங்கி வந்தார். லொறி ஸ்பிரிங்! இரண்டு கையாலும் அமுக்கினேன், அசையவில்லை. அப்பா சப்பாத்துக் காலால் மிதித்துப் பார்த்தார். ‘இது கிற்றாருக்கில்லை தம்பி, பாலத்துக்கு’ என்றார். ட்ரெமலோ இல்லாமலே அந்தக் கிற்றார் ஒரு வருடம் ஓடியது. சுராங்கனி வாசிக்க அது காணும்.

போன மாதம் என் மருமகன் பிரையன் மே பெயரில் வரும் சாதாரணப் பதிப்பு ஒன்றை வாங்கி வந்தான். நல்ல கிற்றார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறந்து பார்த்தால் அசலில் இருந்த அந்தக் கத்தி முனை அமைப்பும் இல்லை, வால்வு ஸ்பிரிங்கும் இல்லை. மற்றக் கிற்றார்களில் இருப்பதுபோன்ற ட்ரெமலோதான். அந்த விலைக்கு அப்படித்தான் செய்ய முடியும், சரி. அசலுக்கு நெருக்கமாக வரவேண்டும் என்று பாடுபட்டவர் அவுஸ்திரேலியாக் கைவினைஞர் கிரெக் பிரையர். 1990களில் அசலை அளந்து பார்த்து மூன்று கிற்றார் செய்தார், பிறகு அசலையே பிரித்துப் பழுதுபார்க்கும் வேலையும் அவருக்குத்தான் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் கில்டுக்கு ஒரு பந்தி இருக்கிறது, இவருக்கு ஒரு வரியும் இல்லை.

2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று பிரையன் மே வாசித்ததும் அந்த வீட்டுக் கிற்றாரைத்தான். திருத்தம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து ஹரோல்ட் மே என்ற பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13