பச்சை உடுப்பு யார் தருவார்?

அன்பு ஆரோக்கியம்,

சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாளாமே! நீ அனுப்பிய படத்தில் பை அவளைவிடப் பெரிதாக இருக்கிறது.

இங்கே என் குருப்பட்டத்துக்குத் தேதி குறித்தாயிற்று. பங்குக் கோயிலில் அறிவிப்பு வாசிப்பதுதான் பாக்கி. அதற்கு முன்பே பூசை உடுப்பு எடுப்பதா என்று அப்பாவுக்கு ஒரே தயக்கம். "ஆயர் தலையில கை வைக்கட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அம்மா விடவில்லை. "முகூர்த்தப் புடவையத் தாலி கட்டினப்புறமா எடுப்பாங்க?" என்று கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். "போட்டுப் பாருங்க பிரதர்" என்று கடைக்காரர் பொன் ஜரிகை போட்ட பூசை மேலுடுப்பு ஒன்றை விரித்துப் பிடித்தார். எனக்கு மனசு வரவில்லை. குருவுக்கு முந்தின படியில் நிற்கும் டீக்கனுக்கு அது உரியதல்ல. முதல் தடவை பீடத்தின் முன்னால் போட்டுக்கொள்வதாகவே இருக்கட்டும். உள்ளே போடும் வெள்ளை நீள அங்கியான ஆல்பை மட்டும் போட்டு நின்றேன், அவர் தோளிலிருந்து இஞ்சி டேப் பிடித்து அளவு குறித்துக்கொண்டார். ஒன்று கவனித்தேன். திருச்சடங்கில் உடுப்பு போட்ட பிறகுதான் உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசுகிறார்கள். ஆல்பின் கை மணிக்கட்டைத் தாண்டினால் எண்ணெய் துணியில்தான் ஏறும். கையை அரை இஞ்சி குறைக்கச் சொன்னேன். ஸ்டோல் என்ற நீளத் தோள்துண்டும் இடுப்பில் தைத்து மூட்டியது வேண்டாம் என்றேன். இடது தோளிலிருந்து குறுக்கே கிடப்பதை அன்றைக்கு அங்கேயே எடுத்துக் கழுத்திலிருந்து நேராகத் தொங்கவிட வேண்டும். தையலைப் பிரித்துக்கொண்டா நிற்க முடியும்?

தலைவலி இதில் இல்லை, சொந்தக்காரர்களிடம் இருக்கிறது. பெரிய அத்தை ஒன்று, மாமா ஒன்று, ஊர் அன்பியக் குழு ஒன்று என்று ஆளாளுக்கு உடுப்பு தருகிறார்களாம். எல்லாமே வெள்ளை, எல்லாவற்றிலும் ஜரிகை, முதுகில் தட்டு அகலத்துக்கு இயேசுவின் இருதயம். வெள்ளை கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் பெருவிழாக்களுக்கும். ஆண்டில் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வாரம் பொதுக்காலம், பச்சை. காலை ஐந்தரைப் பூசைக்கு, கிழவிகள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கோயிலில் போடும் உடுப்பு அதுதான். அதை யாரும் தர முன்வரவில்லை! தவக்காலத்து ஊதாவும் அப்படித்தான். மறைசாட்சிகளுக்கான சிவப்புக்கு மட்டும் சின்ன மாமா ஒத்துக்கொண்டார், அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூர்க்காரர் அல்லவா. பிப்ரவரி 4 அவர் திருநாளுக்கு அதைப் போட்டுக்கொண்டு அங்கே பூசை வைக்க வேண்டுமாம்.

உடையின் அழகு துணியிலும் அமைப்பிலும் இருக்கட்டும், அலங்காரக் குவியலில் வேண்டாம் என்று பூசைப் புத்தகத்தின் பொதுப் படிப்பினையே சொல்கிறது. நம்மூருக்கு 1969-இலேயே உரோமை இன்னும் எளிதாக அனுமதி தந்திருக்கிறது: ஒரே நீள அங்கி, மேலே அங்கவஸ்திரம் போல ஒரு ஸ்டோல், அவ்வளவுதான். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். நாம் சித்திரை வெயிலில் பாலியஸ்டர் லைனிங்கோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பூந்தமல்லி குருமடத்தில் தியானத்தில் தூங்கிய நீ இன்று ஈரோட்டில் துணியைத் தொட்டுப் பார்த்தே நூல் எண் சொல்கிறாய். செமினரியை விட்டுப் போனாய் என்று அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது உன்னைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. பச்சையில் நல்ல கைத்தறிப் பருத்தி வேண்டும். சாயம் போகக்கூடாது, கையைத் தூக்கினால் பின்கழுத்தை இழுக்கும் கனமும் கூடாது. பளபளக்கிற கிளிப்பச்சை வேண்டாம், வாழையிலை முற்றின நிறம். பெரிய அத்தையிடம் பேசி வெள்ளைக்குப் பதில் இதற்குக் காசு தரச் சம்மதிக்க வைத்துவிட்டேன், ஆகவே நண்பன் என்று விலையைக் குறைக்காதே. எத்தனை மீட்டர் என்று தையற்காரரிடம் கேட்டு எழுதுகிறேன். சாம்பிள் துண்டை மட்டும் இந்த வாரமே அனுப்பு.

ஸ்டெல்லாவுக்கும் குட்டிக்கும் என் அன்பு. பட்டத்துக்கு முதல் நாளே மூன்று பேரும் வந்துவிடுங்கள், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன்,
அமலன்