எல்லாவற்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்ற ஒரே சொல்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் உங்கள் நாளிதழில் அநேகமாகத் தினமும் வரும் ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை. நிறம் மாறுகிறது, சொல் மாறுவதில்லை.

வானிலை ஆய்வு மையம் இந்த நிறங்களுக்கு வைத்திருக்கும் பொருள் ஒன்றல்ல. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராகிவிட வேண்டும். சிவப்பு என்றால் செய்ய வேண்டியதை உடனே செய்ய வேண்டும். மூன்றும் வேறு வேறு வேலைகள். மழையை மட்டும் பிரித்துத்தான் எழுதுகிறீர்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. பெய்யும் மழைக்கு மூன்று பெயர் இருக்கும்போது, நாங்கள் செய்ய வேண்டியதற்கு ஒரே பெயர் போதுமா?

நான் சிறுமுகையில் பவானிக் கரையோரம் வாழை வைத்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். மழை நீலகிரியிலும் கேரள மலைகளிலும் பெய்யும், பில்லூர் அணை நிரம்பும். 100 அடி அணையில் 97 அடியைத் தொட்டதும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். வானத்தைப் பார்த்து எதுவும் தெரியாது என்பதால் நாங்கள் செய்தியைத்தான் நம்பி இருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம், நான்கு நாள் தொடர்ந்து ‘எச்சரிக்கை’ என்று செய்தி வந்தது. முதல் நாளே ஆற்றோரத்து மோட்டாரைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் ஆகவில்லை. வாழை காய்ந்தது, திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். நான்காம் நாளும் அதே சொல்லைப் படித்தேன். சரி, நேற்றுப்போலத்தான் என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரி மோட்டார் போனது, குலை தள்ளியிருந்த நேந்திரன் பாதிக்கு மேல் சாய்ந்தது. முதல் நாள் மஞ்சள், நான்காம் நாள் சிவப்பு என்று பழைய பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிறம் அச்சில் இருந்தது. என் கண்ணில் பட்டதெல்லாம் ‘எச்சரிக்கை’தான்.

திருக்குறளில் 54-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் பொச்சாவாமை. நன்றாகத்தானே போகிறது என்ற நிம்மதியில் வரும் மறதிக்குப் பொச்சாப்பு என்று பெயர். மூன்று நாள் ஒன்றும் ஆகாததால் நான்காம் நாள் எனக்கு வந்தது அதுதான்.

எங்கள் பக்கம் வீடுகளில் எச்சரிக்கை என்று யாரும் பேசுவதில்லை. இருட்டில் வரப்பில் இறங்கும்போது என் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, “பதனமாப் போ சாமி” என்பார். காலை எங்கே வைக்கிறாய் என்று பார்த்து வை, கையில் இருப்பதைச் சிந்தாமல் கொண்டுபோ என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். அதில் மிரட்டல் இல்லை, நம் மேல் ஒருவருக்கு இருக்கும் அக்கறை இருக்கிறது. சூதானம் வேறு. எதிரே இருக்கும் ஆளை முழுசாக நம்பிவிடாதே என்பது அது. பால் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவனிடம் பதனம் என்போம், நிலம் கிரயம் பேசப் போகிறவனிடம் சூதானம் என்போம். மாற்றிச் சொன்னால் ஒட்டாது. உஷார் இந்துஸ்தானியிலிருந்து வந்து போலீஸ் செய்திகளில் நிலைத்துவிட்டது. ஆனால் ஒருவரை ‘உஷாரான ஆளு’ என்றால் பாராட்டும் சந்தேகமும் கலந்தே வருகிறது. ஜாக்கிரதை வடமொழியில் விழித்திருப்பதைக் குறித்த சொல்.

இவற்றில் எனக்கு மிகவும் வியப்பானது பராக்கு. ராஜா வருகிறார், கவனி என்று கட்டியக்காரர் கூவிய சொல் ‘பராக்’. இன்று நாம் குழந்தையிடம் “பராக்குப் பார்க்காதே” என்கிறோம். கவனி என்று கூவிய அதே சொல் கவனமின்மைக்கும் வழங்குகிறது. எச்சரிக்கைக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் ‘எச்சர’ என்றால் தூக்கம் கலைந்து விழித்திருக்கும் நிலை என்பார்கள். அவ்வளவு உயிருள்ள சொல், எங்களுக்குப் பழகிப்போய்க் காதில் விழாமலே போகிறது.

மழை மட்டுமல்ல. போலீஸ் அதிகாரி போலப் பேசிப் பணம் பறிக்கும் போன் மோசடிச் செய்திகளும் “பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்” என்று முடிகின்றன. பணம் போனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்ற வரி பல நாள் இருப்பதில்லை. தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அந்த நான்கு எண்கள் எவ்வளவு பெரிய உதவி!

என் வேண்டுகோள் இதுதான். மஞ்சளுக்குக் ‘கவனித்திருங்கள்’ என்றும், ஆரஞ்சுக்குத் ‘தயாராகுங்கள்’ என்றும் தலைப்பிடுங்கள். எச்சரிக்கையைச் சிவப்புக்கு மட்டும் வையுங்கள். அதோடு, கோவைப் பதிப்பில் பில்லூரின் நீர்மட்டத்தை முதல் பக்கத்திலேயே போட்டு, 97 அடியை நெருங்கும் நாளில் மோட்டாரை எடுங்கள், மாட்டை மேட்டில் கட்டுங்கள் என்று நேராக எழுதுங்கள். பதனம் என்ற எங்கள் சொல்லையும் அங்கே அச்சில் பார்க்க ஆசை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே செய்தால் கரையோரத்தில் மோட்டார் வைத்திருக்கும் எங்கள் எல்லோருக்கும் உதவும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
சிறுமுகை