ஞாயிறு பேசவிருப்பது: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா

நண்பர்களே, வணக்கம்.

இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பற்றிப் பேசலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் 1906 டிசம்பர் 4 அன்று தொடங்கிய சகோதரச் சங்கம் அது.

மார்ட்டின் லூதர் கிங்கும், 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் அதன் உறுப்பினர்கள். இவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். என் மனம் நிற்பது நிறுவனர்களில் ஒருவரான வெர்ட்னர் டாண்டியிடம். நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் அவர். கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெரும் பணக்காரரான மேடம் சி. ஜே. வாக்கருக்கு, ஹட்சன் ஆற்றை ஒட்டிய இர்விங்டனில் மாளிகை வடிவமைத்தவரும் அவரே. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம், வாஷிங்டனில் உள்ள கிங் நினைவிடம். சங்கத்தார் 1984இல் யோசனையை முன்வைத்தார்கள், 1996இல் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது, திறந்தது 2011இல். இத்தனை வருடம் விடாமல் நின்றதைப் பற்றியே தனியாகப் பேசவேண்டும்.

டாண்டியின் பங்கில் உருவான ஹார்லெம் செயின்ட் ஃபிலிப்ஸ் தேவாலயத்தின் நல்ல படம் யாரிடமாவது இருந்தால், சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள்.