விமான நிலையப் பட்டியலுக்குத் தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கோடை விழா சிறப்பிதழில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், ‘விமானத்தில் வருவோருக்கு’ என்று கட்டம் கட்டி ஒரு பட்டியல் வந்திருந்தது. கோவை, பெங்களூரு, சென்னை, கோழிக்கோடு என நான்கு விமான நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விமான நிறுவனங்களின் பெயர்கள், முனையங்கள். நீலகிரிக்கு வருகிறவர்களுக்கும் இங்கிருந்து போகிறவர்களுக்கும் உதவுகிற பட்டியல் என்பதால் கோத்தகிரியில் பல வீடுகளில் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். கத்தரித்து வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பட்டியலில் விஸ்தாரா இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பர் 12ஆம் தேதி அது ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. சென்னையில் வெளிநாட்டுப் புறப்பாடு நான்காம் முனையம் என்று போட்டிருக்கிறீர்கள். 2023இல் புதிய ஒருங்கிணைந்த கட்டிடம் திறந்தபின் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்துக்குப் போய்விட்டன. நான்காம் முனையம் இப்போது உள்நாட்டு விமானங்களுக்கு. பெங்களூரில் எல்லாமே முதல் முனையம் என்கிறது பட்டியல். அங்கே 2023 செப்டம்பர் 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில்தான். கோவைக்கு எதிரே ‘முனையம் 1’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அங்கே இரண்டாவது ஒன்று இருந்தால்தானே முதலாவது என்று சொல்ல வேண்டும்? உள்நாடு, வெளிநாடு இரண்டுக்கும் பீளமேட்டில் இருப்பது ஒரே கட்டிடம். இவை எதுவும் ரகசியம் அல்ல. எல்லாம் தங்கள் நாளிதழிலேயே செய்தியாக வந்தவை. செய்திப் பக்கத்துக்குத் தெரிந்த சங்கதி சிறப்பிதழ்ப் பக்கத்தின் காதுக்கு எட்டவில்லை.

நான் கோத்தகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். சீசனில் சுற்றுலாப் பயணிகள், மற்ற மாதங்களில் ஊர்க்காரர்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலைக்குப் போய்விட்ட பிறகு, தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியே போகாத பெரியவர்கள்கூட இப்போது விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கு விமான நிலையத்தில் யாரையும் தெரியாது. கையில் இருப்பது டிக்கெட்டும், யாரோ எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டும், இப்போது உங்கள் பட்டியலும்.

சமதளத்து ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் கணக்கு வேறு. கோத்தகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊட்டி, கூடலூர் வழியாகப் போனால் முதுமலையும் பந்திப்பூரும் இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிடும். காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவு அடைப்பு உண்டு. இரவில் கிளம்பினால் மேட்டுப்பாளையம் இறங்கி, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுற்றி, பெங்களூரு நகரத்தையும் தாண்டி தேவனஹள்ளி போய்ச் சேர வேண்டும். கோவைக்கு என்றால் தூரம் குறைவு. ஆனால் மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் போதும், கையில் வைத்திருந்த நேரம் எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். இப்படி எல்லாம் கடந்து போய் நிற்கிற ஆளுக்கு விமான நிலைய வாசலில் மிச்சம் இருப்பது கொஞ்ச நேரம்தான். உள்நாட்டு விமானத்துக்கே புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுண்டரை மூடிவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் உங்கள் பட்டியல் தின்கிறது.

சிறப்பிதழ் வந்த சில நாட்களில் ஒரு வயதான தம்பதியை பெங்களூருக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பயணம், இரவு விமானம். பகலிலேயே முதுமலையைக் கடந்துவிட்டோம். குண்டலுப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது, எந்த டெர்மினல் என்று கேட்டேன். பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். உங்கள் பட்டியல். பெங்களூருக்கு எதிரே சிவப்பு மையில் வட்டம் வேறு போட்டிருந்தார்.

“ஐயா, டிக்கெட்டைக் கொடுங்கள், பார்த்துவிடலாம்” என்றேன்.

“பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் தம்பி, அப்புறம் டிக்கெட் எதற்கு?” என்றார்.

டிக்கெட் கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடையில் எடுத்த அச்சு. மை தீர்ந்துபோன இயந்திரம் போலிருக்கிறது, பாதி வரிகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஊர்ப் பெயருக்கும் நேரத்துக்கும் கீழே, கடுகளவு எழுத்தில், ‘டெர்மினல் 2’. காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டிக்கெட்டையும் பார்த்தார், பேப்பரையும் பார்த்தார். பேப்பரில் எழுத்து பெரிது, கட்டம் அழகு, மேலே உங்கள் நாளிதழின் பெயர். டிக்கெட்டைத்தான் அச்சுப்பிழை என்றார். அந்த அம்மா எதுவும் பேசாமல் மகளுக்குப் போன் போட்டார். காட்டைத் தாண்டிய பிறகு அங்கேதான் சிக்னல் கிடைத்தது. மகள் சொன்ன பிறகுதான் பெரியவர் காகிதத்தை மடித்தார். தூக்கி எறியவில்லை, திரும்பவும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அச்சில் வந்ததன் மேல் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இருக்கிற மரியாதை அப்படி. அந்த மரியாதைக்கு ஏற்ற கவனம் அந்தக் கட்டத்துக்குள் இல்லை என்பதுதான் என் குறை. எங்கள் ஸ்டாண்டிலேயே ஒரு இளைய ஓட்டுநர், பயணி சொன்ன இடத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். வாசலில் டிக்கெட்டைப் பார்த்த மத்தியப் படைக் காவலர் அடுத்த முனையத்தைக் கைகாட்டி அனுப்பியிருக்கிறார். பெட்டிகளோடு இன்னொரு வண்டி பிடித்து, கவுண்டர் மூடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். திட்டு வாங்கியது ஓட்டுநர்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களையும் எண்களையும் திருத்தினால் மட்டும் அந்தப் பட்டியல் சரியாகிவிடாது. நிறுவனத்தின் பெயரை எழுதி அதற்கு எதிரே ஒரு முனையத்தை எழுதும் முறையே பிசகு. இண்டிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் அதன் உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில், வெளிநாட்டு விமானம் இரண்டாம் முனையத்தில். மும்பையில் அதன் உள்நாட்டு விமானங்களே இரண்டு முனையங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. அந்த இரண்டு முனையங்களும் ஓடுபாதைகளுக்கு அப்புறமும் இப்புறமுமாக, ஊருக்குள் வண்டியில் சுற்றிப் போக வேண்டிய இடங்கள். கோவையிலிருந்து மும்பை போய் அங்கே வளைகுடா விமானம் மாறுகிற பையனுக்கு, ‘மும்பை, இண்டிகோ, முனையம் இன்னது’ என்ற ஒற்றை வரியால் என்ன பயன்? விமான எண்ணைக் கேட்காமல் முனையத்தைச் சொல்லக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிக்கெட் விற்ற நிறுவனம் ஒன்று, விமானத்தை ஓட்டுகிற நிறுவனம் வேறு ஒன்று என்று இருக்கும். டிக்கெட்டில் பெரிதாக இருப்பது விற்றவர் பெயர். ஓட்டுகிறவர் பெயர் கீழே சிறிதாக. முனையம் ஓட்டுகிறவரைப் பொறுத்தது. இணைப்புகள் நடக்கும் காலத்தில் எண்களும் மாறுகின்றன. விஸ்தாரா இணைந்தபோது அதன் விமானங்களுக்கு ஏர் இந்தியாவின் பெயரோடு 2இல் தொடங்கும் நாலு இலக்க எண் கொடுத்தார்கள். ஏர் ஏசியா இந்தியாவாக இருந்தது 2024 அக்டோபர் 1 முதல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் போனது. பெயர், எண், முனையம் மூன்றும் ஒரே நாளில் மாறுவதில்லை. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பட்டியல் புதிதுபோலத் தெரியும், உள்ளே பழசாகவே இருக்கும்.

சில நேரம் முன்னறிவிப்பே கிடையாது. 2024 ஜூன் 28 அதிகாலை டெல்லி முதல் முனையத்தின் முன்கூரை மழையில் இடிந்து விழுந்தது. அங்கிருந்து போக வேண்டிய விமானங்களை மற்ற இரண்டு முனையங்களுக்கு மாற்றினார்கள். முந்தைய நாள் வரை சரியாக இருந்த எந்தப் பட்டியலும் அன்று காலை தவறு. அபுதாபியில் 2023 நவம்பரில் புதிய முனையம் திறந்து, அந்த மாதத்துக்குள்ளேயே எல்லா நிறுவனங்களும் அங்கே மாறிவிட்டன. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. அவர்கள் நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் ஏறுகிறவர்கள். அந்தப் பக்கத்து ஓட்டுநர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

எங்கள் ஸ்டாண்டிலும் ஒரு பலகை இருந்தது. தகரத்தில், எனாமல் பெயிண்டில், ஊரிலேயே நல்ல பெயின்டரை வைத்து எழுதியது. கிங்பிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. விமானங்கள்தான் நின்றன; பெயின்ட் நிற்கவில்லை, மழையிலும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதன் மேல் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றை வாங்கி மாட்டினோம். சாக்பீஸ்தான். நாலு பத்திகள்: விமான எண், முனையம், பார்த்த தேதி, பார்த்தவர். விமான நிலையம் போய்வந்த ஓட்டுநர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார். அங்கே சொன்னார்கள், இங்கே படித்தேன் என்பதற்கு இடம் இல்லை. புறப்பாடும் வருகையும் தனித்தனி வரி, ஏனென்றால் ஏற்றிவிடும் வாசல் வேறு, காத்திருக்கும் வாசல் வேறு. ஒரு மாதம் தாண்டிய வரியை அழித்துவிடுவோம். காலியாக இருந்தால் ஆள் கேட்பான். பழைய வரி இருந்தால் கேட்க மாட்டான்.

எல்லாம் போனில் வந்துவிட்ட காலத்தில் பட்டியல் எதற்கு என்று சிலர் சொல்லக்கூடும். போனில் வருவதும் யாரோ ஒருவர் என்றோ எழுதியதுதான். எழுதிய நாள் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. விமான நிறுவனம் பயணத்துக்கு முன் அனுப்பும் குறுஞ்செய்தியில் முனையம் சரியாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி டிக்கெட் எடுத்தவர் எண்ணுக்குப் போகிறது. டிக்கெட் எடுத்த மகன் டப்ளினில் தூங்கிக்கொண்டிருப்பார். பயணம் போகிற தாய் குஞ்சப்பனை இறங்கிக்கொண்டிருப்பார். காட்டேஜ்காரர்கள் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அட்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்றில் கோவை–சிங்கப்பூர் விமானம் இன்னமும் சில்க் ஏர். அந்தப் பெயரே இன்று வானத்தில் இல்லை. ஸ்கூட் அந்த வழியை எடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பட்டியலை நிறுத்த வேண்டாம், எங்களுக்குத் தேவை. ஒவ்வொரு விமான நிலையத்தின் வரிக்குக் கீழும், அது எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று போடுங்கள். சிறப்பிதழின் தேதி அல்ல, சரிபார்த்த தேதி. போன வருடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்காமல், விமான நிலையத்திடமும் நிறுவனங்களிடமும் புதிதாகக் கேட்டு எழுதுங்கள். நிறுவனப் பெயருக்கு எதிரே ஒற்றை முனையம் போடுவதை விட்டு, உள்நாடு, வெளிநாடு என்று பிரியுங்கள். அதிலும் ஒரே நிறுவனம் இரண்டு இடத்தில் இருந்தால் ‘டிக்கெட்டைப் பார்க்கவும்’ என்று தடித்த எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் குண்டலுப்பேட்டை டீக்கடையில் உங்கள் வாயால் அந்த இரண்டு வார்த்தைகள் வந்திருந்தால் எனக்கு வாதம் மிச்சமாகியிருக்கும். தவறு தெரியவந்தால் அடுத்த நாளே அதே அளவு கட்டத்தில் திருத்தம் வரட்டும். நாலாம் பக்க மூலையில் ஒரு வரி போட்டால் கத்தரித்து வைத்தவர் கண்ணில் படாது.

கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தாகிவிட்டது. நாளை அங்கே புதுக் கட்டிடம் எழும்பும்போது எங்களுக்கு மிகவும் பழகிய அந்த வாசலும் மாறும். அன்னூர் வழியாக வந்து காளப்பட்டியில் திரும்புகிற எல்லா வண்டிக்கும் அன்று இதே கேள்வி வரும். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

அடுத்த சிறப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பட்டியலின் நகல் ஒன்றை எங்கள் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். கோவை, பெங்களூரு இரண்டையும் கரும்பலகையோடு ஒப்பிட்டுத் திருத்தித் தருகிறோம். கரிப்பூருக்குக் கூடலூர் ஓட்டுநர்களைக் கேட்டுச் சொல்கிறோம். சென்னைக்கு நாங்கள் அதிகம் போவதில்லை. அதைத் தங்கள் சென்னை நிருபரே மீனம்பாக்கம் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
கோத்தகிரி.