ஸ்டவ் இருக்கட்டும், முதலில் புகைபோக்கியைப் பார்

அல்சூர், பெங்களூரு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே அனைவரும் நலம். லீட்ஸில் நீங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் கணப்பில் இந்தக் குளிர்காலத்திலேயே தீ மூட்ட வேண்டும் என்றும், அதைத் திறந்த கணப்பாகவே வைத்துக்கொள்வதா, விறகு ஸ்டவ் பொருத்துவதா என்றும் கேட்டிருந்தாய். இரண்டில் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கியைத்தான்.

கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ரிச்மண்ட் டவுனில் ஒரு வீட்டின் கணப்பு, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. புகைபோக்கியின் மேல்வாயை ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு, கீழே கொஞ்சம் வைக்கோலைப் புகைய விட்டோம். சற்று நேரத்தில் மாடிப் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவரிலிருந்து நூல் நூலாகப் புகை கசிந்தது. உள்ளே செங்கற்களுக்கு நடுவிலிருந்த சுண்ணாம்புக் காரை, விரல் பட்டாலே பொடியாகக் கொட்டியது. புகையாவது கண்ணை எரித்துக் காட்டிக்கொடுக்கும். அதனுடன் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். உன் வீட்டில் புகைபோக்கி செல்லும் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் கட்டில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இங்கே உறக்கம் வரவில்லை.

சோதனையில் கசிவு தெரிந்தால், மேலிருந்து கீழ்வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்கிவிடலாம். அதன் விட்டம் ஸ்டவ்வின் புகைவாயைவிடக் குறுகலாக இருக்கவே கூடாது.

என்னைக் கேட்டால் ஸ்டவ்வே மேல். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி, அறையிலிருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு கூரைக்கு மேலே போய்விடும். நல்ல மூடிய ஸ்டவ்வோ ஏறத்தாழ முக்கால் பங்கை அறைக்கே தந்துவிடும். ஆனால் அறைக்கு மிஞ்சிய பெரிய ஸ்டவ்வை வாங்கிவிடாதே. சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து எரிப்பீர்கள். அப்படிப் புழுங்கி எரியும் விறகின் தார் குழாயில் படிந்து, ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். ஈர விறகும் இதே கேட்டைத்தான் செய்யும். இங்கிலாந்தில் சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2021 மே முதல் சட்டமே இருக்கிறது. 'ரெடி டு பர்ன்' முத்திரை பார்த்து வாங்கு. ஸ்டவ் 5 கிலோவாட்டுக்கு மேற்பட்டதானால், அறைக்கு நிரந்தரமான காற்றுத் துளையும் வேண்டும்.

பொருத்தும் வேலையை மாப்பிள்ளையே செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஸ்டவ் பொருத்துவோரைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவரை அழைத்தால் சான்றிதழும் கிடைக்கும், நகராட்சிக்குத் தனியே தெரிவிக்கும் வேலையும் மிச்சம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை ஸ்டவ் இருக்கும் அறையில் கட்டாயம் மாட்ட வேண்டும்; மாடியறைக்கும் ஒன்று வாங்கிவிடு.

வருகிறவர் புகைச் சோதனை செய்யும்போது நீ மாடியில் நின்று, கட்டிலை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார். கசிந்ததா இல்லையா என்று எனக்கு எழுது. அதுவரை ஸ்டவ்வுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா