பாப்பாவுக்கு, லீட் கிட்டார் பத்தி

பாப்பா,

நீ அனுப்புன வீடியோவ நானும் அம்மாவும் பாத்தோம், அம்மா ரெண்டு தடவ பாத்துட்டு வெரல் நுனி ஏன் இப்படி செவந்து கெடக்குதுன்னு கேளுங்கன்னு சொன்னா, வாசிப்பப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் போன்ல சொல்லலாம்னு பாத்தா நீ எப்ப பாத்தாலும் மீட்டிங்ல இருக்க, அதான் செவ்வாப்பேட்டை கடைய சாத்திட்டு வந்து உக்காந்து நீளமா டைப் பண்றேன், ஒரே மூச்சுல படிக்காத, கிட்டார மடில வெச்சுகிட்டே படி.

மூணாவது கம்பிய பெண்ட் பண்ண, அதாவது அமுக்குன கம்பிய ஓரமா தள்ளி சுருதி ஏத்த வரல, எனக்கு கைல பலம் இல்லப்பான்னு பொலம்பியிருந்தியே, அது உன் கை இல்ல கண்ணு, அது கம்பி. உன்கிட்ட இருக்கறது அக்குஸ்டிக், அதுல மூணாவது கம்பி மேல இன்னொரு மெல்லிசு கம்பி சுத்தியிருக்கும், சாதாரணமா வர்ற செட்டுல இருக்கறதுலயே மெல்லிசான மொதல் கம்பியே 12 கேஜ், அதாவது ஒரு இஞ்சுல ஆயிரத்துல 12 பங்கு. எலக்ட்ரிக்ல மொதல் கம்பி 9 இல்லன்னா 10 தான், மூணாவது கம்பி வெறும் கம்பியா இருக்கும், தள்ளுனா வரும். யூட்யூப்ல நீ பாக்கற ஆளுங்க அத்தன பேரும் எலக்ட்ரிக்ல தள்றாங்க, நீ அதப் பாத்துட்டு அக்குஸ்டிக்ல தள்ளுனா வெரல் தான் கிழியும். இப்போதைக்கு அதுல ரெண்டாவது கம்பில அரை ஸ்வரம் மட்டும் தள்ளு, ஸ்லைடு பண்ணு, ஹாமர் ஆன் புல் ஆஃப் பண்ணு, அதாவது இடது வெரலால கம்பிய தட்டியும் சுண்டி எடுத்தும் சத்தம் வர வை, அது போதும்.

லீட் தான், அதாவது பாடற மாதிரி தனித்தனி நோட்டா தான் வாசிப்பேன்னு முடிவுன்னா ஒரு எலக்ட்ரிக் வாங்கிடு, செகண்ட் ஹாண்டே போதும், புனேல கெடைக்காதா என்ன. பளபளப்ப பாத்து ஏமாறாத. ஃப்ரெட்டுன்னா நெக் மேல குறுக்க இருக்கற உலோகப் பட்டை, இருக்கறதுலயே தடியான ஆறாவது கம்பிய மொதல் ஃப்ரெட்டுலயும் கடேசி ஃப்ரெட்டுலயும் ஒரே நேரத்துல அமுக்கிட்டு ஏழாவது ஃப்ரெட் கிட்ட குனிஞ்சு பாரு, ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு சந்து இருந்தா நெக் நல்லா இருக்குன்னு அர்த்தம், அதுக்கு மேல ரொம்ப பள்ளமா தெரிஞ்சா நெக்குக்குள்ள இருக்கற டிரஸ் ராடுங்கற இரும்புக் கம்பிய திருகி சரி பண்ணணும், அதத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடு, நீயே திருகாத. அப்புறம் பன்னெண்டாவது ஃப்ரெட்டுல அமுக்காம லேசா தொட்டு மணி மாதிரி ஒலிக்கற ஹார்மோனிக் எடு, அதே எடத்துல அமுக்கி வாசி, ரெண்டும் ஒரே சுருதில வரணும், வரலன்னா நீ எவ்வளவு ட்யூன் பண்ணாலும் மேல போகப் போக அபஸ்வரம் தான். பெரிய ஆம்ப் எல்லாம் வேணாம், ரூம்ல கூட இருக்கற பொண்ணுங்க பாவம், ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கற மாதிரி ஒரு சின்னது வாங்கிக்கோ.

சரி, பெண்ட். இத மட்டும் ஒழுங்கா பிடிச்சிட்டன்னா பாதி லீட் வந்த மாதிரி. மொதல்ல ரெண்டாவது கம்பி அஞ்சாவது ஃப்ரெட்ட வாசி, அது இங்கிலீஷ் ஸ்வரப் பேருல ‘இ’. காதுல வாங்கிக்கோ, வாயால பாடு. இப்ப மூணாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்டுக்கு வா, அது ‘டி’. மோதிர வெரல ஃப்ரெட்டுல வெச்சு அதுக்குப் பின்னாடி நடு வெரலையும் ஆள்காட்டி வெரலையும் அதே கம்பில சேத்து வெச்சு மூணும் சேந்து மேல தள்ளணும், கட்ட வெரல நெக் மேல தொங்கவிட்டு பிடிச்சுக்கோ, வெரல மடக்கி தள்றது இல்ல, மணிக்கட்டு திரும்பணும், கதவுக் கைப்பிடிய திருப்பற மாதிரி. நீ பாடுன அந்த ‘இ’ வர்ற வரைக்கும் போகணும், அதுக்கு மேலயும் போகக் கூடாது கீழயும் நிக்கக் கூடாது. சந்தேகமா இருந்தா போன்ல ட்யூனர் போட்டு முள்ள பாரு. உன் வீடியோல எல்லா பெண்டும் முக்கால் தூரத்துல நிக்குது, அதான் கேக்க ஒரு மாதிரி இருக்கு. வேகமா வாசிச்சா அது மறைஞ்சிடும்னு நெனக்கற, மறையாது பாப்பா, பாட்டு கேக்கற எந்த காதுக்கும் தெரியும்.

இதுல உனக்கு ஒரு வசதி இருக்கு, நீ மறந்துட்ட. அம்மாபேட்டைல பாட்டு கிளாஸ் போனியே, அழுதுகிட்டே போனாலும் மோகனத்துல கீதம் பாடுனியா இல்லையா. நீ இப்ப பாக்ஸ் பாக்ஸுனு, வெரல் வெக்கற கட்டம் கட்டமா மனப்பாடம் பண்ற ஏ மைனர் பென்டாடோனிக் வேற ஒண்ணும் இல்ல, சுத்த தன்யாசி. ஏ சி டி இ ஜி, அதே அஞ்சு ஸ்வரத்த ‘சி’ய சட்ஜமமா வெச்சு பாடுனா மோகனம். அந்த பாக்ஸ்ல உக்காந்துகிட்டு ‘சி’ல போய் நிறுத்தி நிறுத்திப் பாரு, உங்க டீச்சர் எட்டிப் பாப்பாங்க. அதனால எந்த கம்பில எந்த ஃப்ரெட்டுன்னு நம்பர் போட்ட டேப் பாத்து வாசிக்கறத கொஞ்சம் கொற, மொதல்ல வாயால ஒரு வரி பாடு, அப்புறம் அத கைல தேடு.

நம்ம மாண்டலின் ஸ்ரீனிவாஸயே எடுத்துக்கோ, சாதாரண மாண்டலின்ல கம்பி ஜோடி ஜோடியா இருக்கும், அத வெச்சுகிட்டு கமகம் இழுக்கறது கஷ்டம்னு தான் ஒத்தக் கம்பியா அஞ்சு கம்பி போட்ட எலக்ட்ரிக் மாண்டலின்ல வாசிச்சாரு. அங்க அமெரிக்காவுல ப்ளூஸ் கிட்டார் வாசிச்ச பி.பி. கிங், எனக்கு கார்டு, அதாவது பல ஸ்வரத்த சேத்து ஒரே அடில வாசிக்கறது எல்லாம் சரியா வராதுன்னு அவரே சொல்லிக்குவாரு, அவரு சொந்தக்காரர் ஒருத்தர் கம்பி மேல ஸ்லைடு வெச்சு வாசிக்கற சத்தம் தனக்கும் வேணும்னு வெறும் வெரல ஆட்டி ஆட்டி ஒரு வைப்ரேட்டோ கொண்டு வந்தாரு, ஒரே ஒரு நோட்டு கேட்டா போதும் ஆள் யாருன்னு சொல்லிடலாம். ரெண்டு பேருக்கும் பாடற குரல் தான் கணக்கு.

நான் ட்ரூப்ல லீட் வாசிச்ச காலத்துல, ஆடி மாசம் வந்தா சேலத்துல எந்த மாரியம்மன் கோயில்ல பாத்தாலும் பண்டிகை, ராத்திரி ஆர்கெஸ்ட்ரா, எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தது ஒண்ணு தான், பாடறவங்க மூச்சு வாங்கற எடத்துல தான் உனக்கு எடம், அவங்க வாய தெறந்ததும் கைய எடுத்துடு. ஃபில்லுங்கறது அவ்வளவு தான். தனியா ரூம்ல பேக்கிங் ட்ராக் போட்டு வாசிக்கறவங்களுக்கு இது தெரியறதே இல்ல, ஆரம்பத்துல இருந்து கடேசி வரைக்கும் நிக்காம கொட்டிகிட்டே இருப்பாங்க. நீ ஒரு பாட்ட ஓடவிட்டு, பாடகர் நிறுத்தற எடத்துல மட்டும் நாலு நோட்டு வாசிச்சுப் பழகு.

வேகம் தானா வரும். தாளம் தட்டற மெட்ரோனோம நிமிசத்துக்கு 60 தட்டுல வெச்சு ஒரு தட்டுக்கு ரெண்டு நோட்டு, பிக் கீழ மேல கீழ மேல மாறி மாறி, சுத்தமா வந்தா தான் ஏத்தணும். சத்தத்த கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் இப்ப போடாத, அது போட்டா எல்லாமே நல்லா இருக்கற மாதிரி தோணும், ஆனா வாசிக்காத கம்பி எல்லாம் கூட சேந்து கத்தும். வாசிக்கற கம்பிய விட தடியான கம்பிங்க மேல வலது உள்ளங்கை ஓரம் படுத்திருக்கணும், மெல்லிசு கம்பிங்கள இடது ஆள்காட்டி வெரலோட அடிப்பக்கம் லேசா தொட்டு அடக்கணும். இத யாரும் வீடியோல காட்ட மாட்டாங்க, பாக்க அழகா இருக்காது பாரு.

இன்னொண்ணு, ஏற்காடு கோடை விழாவுக்கு வாசிக்கப் போவோம்ல, கீழ வெயில்ல ட்யூன் பண்ணிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் பொட்டிய தெறந்தா சுருதி ஏறியிருக்கும், குளுருக்கு கம்பி சுருங்குது இல்லையா. உங்க ஊர்லயும் மழை குளுருன்னு மாறும், அதனால எப்ப எடுத்தாலும் மொதல்ல ட்யூன் பாத்துட்டு வாசி, ஏசி காத்துக்கு நேரா வெக்காத.

தெனமும் இருவது நிமிசம் போதும், வெரல் எரிஞ்சா விட்டுடு. அடுத்த வாரம் பாட்டு ஒண்ணும் அனுப்பாத, அந்த ‘டி’ல இருந்து ‘இ’க்குப் போற ஒரே ஒரு பெண்டு மட்டும் வாய்ஸ் நோட்டா அனுப்பு. அக்குஸ்டிக்ல வராது, அதனால கிட்டார் வாங்கற காசுல பாதிய நான் போட்டு விடறேன், அம்மாகிட்ட இப்ப சொல்லிக்க வேணாம்.

அப்பா